குண்டும் வாளியும்: கடலூர்க் கரையில் அளவுகோலின் வரலாறு

1

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதுநகரைத் தாண்டிப் பச்சையாங்குப்பம் நெருங்கும்போது, யாரும் யாருக்கும் சொல்லாமலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இறங்கும். சேலைத் தலைப்பும் கைக்குட்டையும் மூக்குக்குப் போகும். ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் என்று ஊர்கள் கடந்து காரைக்காடு போனபிறகுதான் ஜன்னல்கள் மறுபடி திறக்கும். இடையில் இருப்பது சிப்காட் தொழில் வளாகம்.

தொண்ணூறுகளில் நானும் அப்படி ஜன்னலை மூடியவன்தான். சிதம்பரத்தில் ஒரு மாடியறையில், இருபது பேர் வந்தாலே பெரிய கூட்டம் என்கிற அளவில் கூடி, நாங்கள் அப்போது பூக்கோவையும் கிராம்சியையும் வாசித்துக்கொண்டிருந்தோம். அதிகாரம் என்பது கோட்டை கொத்தளங்களில் மட்டும் இல்லை, உடம்பின் நுண்ணிய அசைவுகளிலும் இருக்கிறது என்று மணிக்கணக்காகப் பேசினோம். பேசி முடித்துக் கடைசி பஸ்ஸில் கடலூர் திரும்பும்போது ஜன்னலை மூடினோம். மூடுகிற அந்தக் கையைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒருமுறை பக்கத்து சீட்டில் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ மூடிக்கிட்டுப் போயிடுவ தம்பி. எங்க வூட்டுக்கு எங்க ஷட்டர் இருக்கு?"

அந்தக் கேள்விக்குக் காலங்கடந்து பதில் தேடுகிற முயற்சிதான் இந்தக் கட்டுரை. 'பசுமைத் தொழில்நுட்பம்', 'தூய உற்பத்தி', 'பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம்' ஆகிய சொற்கள் இன்று ஆலை முதலாளிகளின் அறிக்கைகளிலும் அரசாணைகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. இந்தச் சொற்கள்மீது எனக்கு ஒட்டுமொத்த வெறுப்பு இல்லை. ஒட்டுமொத்த நம்பிக்கையும் இல்லை. அவற்றை ஒரு குறிப்பிட்ட நிலத்தில், ஒரு குறிப்பிட்ட ஆற்றங்கரையில் நிறுத்தி வாசித்துப் பார்க்கலாம் என்கிறேன். அப்படி வாசிக்கும்போது முன்னுக்கு வருவது இயந்திரம் அல்ல, அளவுகோல். எது மாசு, எவ்வளவு மாசு, யார் வாசலில் மாசு என்று அளந்து சொல்லும் உரிமை யார் கையில் இருந்தது என்பதே இந்தக் கரையின் மாசு வரலாறு என்பது என் வாதம்.

2

அளவுகோலின் கதையை இந்தக் கரையில் 1690இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பின்னாளில் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். வாங்கியது கோட்டையை மட்டுமல்ல. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம்.

கம்பெனி சும்மா இருக்குமா? நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். குண்டு போகும் தூரம் சுடுகிறவனின் கைத்திறமையில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குண்டு சுடப்பட்டது. விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் கம்பெனி ஊர்களாயின. இன்றைக்கும் அவற்றைக் 'குண்டு கிராமங்கள்' என்பார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது.

இந்தக் கதையைக் கடலூர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நிலத்தை உழுதவர்கள், ஆற்றில் வலை வீசியவர்கள் யாரும் அந்த அளவையில் பங்குபெறவில்லை. அளக்கும் கருவி ஒருவர் கையில் இருந்தது. அளக்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம் இருந்தார்கள். அளவை என்பது நடுநிலையான, விஞ்ஞானபூர்வமான செயல் என்கிற அறிவொளிக் காலத்து நம்பிக்கைக்கு மாறாக, அது எப்போதும் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. கோட்டைச் சுவரில் நின்று சுட்டால் ஒரு தூரம். குண்டு விழுகிற ஊரில் நின்று பார்த்தால் வேறு தூரம்.

3

அடுத்தது தெற்கே, சிதம்பரத்துக்குப் பக்கத்தில். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஓர் இரும்பாலை எழுந்தது. நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனியின் சிவில் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்கியவர். இரும்புத்தாது சேலத்திலிருந்து வந்தது. கொள்ளிடத்தின் வழியாகவும் கான்சாகிப் கால்வாயின் வழியாகவும் படகுகளில் கொண்டுவந்தார்கள். உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்கு, ஷெஃபீல்டுவரைக்கும் போனது. ஹீத் பிறகு இங்கிலாந்து சென்று, எஃகு செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார்.

நம் பாடப்புத்தகங்களில் இது இந்தியாவின் ஆரம்பகால நவீன இரும்புத் தொழில் என்பதாக இரண்டு வரியில் வரலாம். அந்த இரண்டு வரிக்கு வெளியே ஒரு பொருள் இருக்கிறது: கரி. பரங்கிப்பேட்டை உலை நிலக்கரியில் எரியவில்லை, மரக்கரியில் எரிந்தது. ஊதுலைக்கு மரக்கரி தேவை. மரக்கரிக்குக் காடு தேவை. கரி கிடைப்பது வரவர அருமையாகி, விலை ஏறி, வெகுதூரத்திலிருந்து கொண்டுவரவேண்டி வந்தது அந்த ஆலை நொடித்துப்போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. கம்பெனியின் கடனுதவியும் தனியுரிமையும் இருந்தும் அது நிலைக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடியும் முன்பே உலை அணைந்துவிட்டது.

இதில் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. இரும்பின் கணக்கு டன்னில் எழுதப்பட்டது. கடனின் கணக்கு ரூபாயில் எழுதப்பட்டது. காட்டின் கணக்கு 'கரிக்கு ஆன செலவு' என்ற அளவில்தான் ஏட்டில் ஏறியது. ஆலைக்கு உள்ளே வந்ததும் வெளியே போனதும் கணக்கில் வரும். அது கிளறிவிட்டுப் போன நிலம் கணக்குக்கு வெளியே நிற்கும். இந்தக் கணக்கு முறைதான், பீரங்கியைவிடவும் இரும்பைவிடவும் நீண்டகாலம் இந்தக் கரையில் உயிரோடு இருந்தது என்று நினைக்கிறேன்.

4

சிப்காட் என்கிற அரசு நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையில், 1980களின் தொடக்கத்தில் அதன் தொழில் வளாகம் வந்தது. பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள், சாயம், இதர ரசாயனங்கள் என ஆலைகள் வரிசையாக எழுந்தன. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டதும் 1982இல்தான். ஆலையும் காவலனும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1974இல் நீர் மாசுச் சட்டம், 1981இல் காற்று மாசுச் சட்டம், 1984இல் போபால் நடந்தபிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். ஒவ்வொரு சட்டமும் ஒரு மொழியைக் கொண்டுவந்தது. 'வரம்பு', 'அனுமதி', 'இசைவாணை', 'நிர்ணயிக்கப்பட்ட அளவு' என்று அமையும் மொழி அது. இந்தச் சொல்லாடலில் மாசு என்பது தடுக்கப்பட வேண்டிய ஒன்று அல்ல. வரம்புக்குள் வைக்கப்பட வேண்டிய ஒன்று. வரம்பு இருந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சட்டப்படி சுத்தம். வரம்பே எழுதப்படாத பொருள் என்றால் அது எவ்வளவு இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் மாசே அல்ல.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதல்ல. 1994இல் வெளியான தேசியக் காற்றுத் தர அளவுகளில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசு, ஈயம், கார்பன் மோனாக்சைடு ஆகியவைதான் இடம்பெற்றன. 2009இல் அது திருத்தப்பட்டு 12 பொருள்களாகி, பென்சீன் உள்ளே வந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அந்தப் பன்னிரண்டிலும் இல்லை. பல கோடிப் பங்கு காற்றில் ஒரு சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அதிகமான அளவில் இருந்தால் மோப்பசக்தியே மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அபாயம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஊரார் மூக்கு கண்டுபிடிக்கிற ஒன்றை ஏட்டில் எழுத எண் இல்லை. "நாத்தம் அடிக்குதுங்க" என்று மனு கொடுத்தால், "எந்த வாயு, எத்தனை மைக்ரோகிராம்?" என்று கேட்கிற அமைப்பில், புகார் கொடுத்தவரே பொய்யராகிறார்.

நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. பின்னால்தான் அது கெட்டவாடைக்கு மட்டும் ஒதுங்கியது. யார் நாறுகிறார்கள், எந்தத் தெரு நாறுகிறது என்பதை வைத்து மனிதர்களைத் தள்ளிவைத்த சாதிச் சமூகம் நம்முடையது. அதனால்தானோ என்னவோ, ஒரு ஊரின்மேல் நாற்றம் வந்து கவியும்போது, நாற்றத்தை விட்டுவிட்டு ஊரையே விலக்குவது நமக்கு எளிதாக வருகிறது. உப்பனாற்றங்கரையில் இருப்பவர்கள் ஆற்றில் இறங்கி மீன்பிடிப்பவர்கள், கூலிகள், சிறுவிவசாயிகள். பஸ் ஜன்னலை மூடியபோது நாங்கள் வாயுவை மட்டும்தான் விலக்கினோமா?

இனி, மாசைக் 'குறைத்த' கதை. உப்பனாறு ஓத ஆறு. பெருக்கு வரும்போது தண்ணீர் உள்ளே ஏறும், வற்றும்போது இறங்கும். அதில் விட்ட கழிவு ஒரேயடியாகக் கடலுக்குப் போகாது. போய்ப்போய்த் திரும்பி வரும். மீன் குறைந்தது, நீர் நிறம் மாறியது என்று கரையோர ஊர்கள் எதிர்த்தன. ஆலைகள் சேர்ந்து பொதுப்பயன்பாட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தன. ஆலைகளில் சுத்திகரித்த கழிவுநீரை ஒன்றாகச் சேர்த்து, குழாய் வழியாக ராசாப்பேட்டைக் கரைக்கு அப்பால் கடலுக்குள் விடுவது ஏற்பாடு. பொறியியல் நோக்கில் இது முன்னேற்றம்தான். கடலில் கலப்பும் நீர்த்தலும் அதிகம். ஆனால் ஆற்று மீனவரின் பிரச்சினை கடல் மீனவரின் பிரச்சினையாக மாறியதே தவிர, குழாய்க்குள் போகும் பொருள் மாறவில்லை. 'குறைப்பு' என்ற சொல்லுக்குள் 'இடப்பெயர்ச்சி' ஒளிந்திருக்கிறது.

இதைப்பற்றிய அறிவு இல்லாமல் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் பரங்கிப்பேட்டையில், ஹீத்தின் உலை எரிந்த அதே ஊரில் இருக்கிறது. உப்பனாறு, வெள்ளாறு கழிமுகங்களின் நீரையும் சேற்றையும் மீனையும் அங்கே பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கில இதழ்களுக்குப் போய்ச்சேர்ந்தன. மீனைக் கொடுத்த ஆற்றுக்கு மீனைப் பற்றிய சேதி திரும்பி வரவில்லை.

5

2003இல் நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் அறிக்கை கடலூர் சிப்காட் பற்றி வெளிவந்தது. ஊர்மக்களின் சாட்சியங்களை ஓர் ஆவணமாக்கிய முயற்சி அது. அதற்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம் என்பேன்.

2004இல் இந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள் 'சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற பெயரில் சேர்ந்து, காற்றைத் தாங்களே பிடிக்கத் தொடங்கினார்கள். கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஒரு தனிவகைப் பை. வாளியிலுள்ள காற்றை ஒரு சிறு பம்பு உறிஞ்சி எடுக்கும்போது, வெளிக்காற்று வால்வு வழியாகப் பைக்குள் நிரம்பும். சில நிமிஷ வேலை. பையை மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், காற்றில் என்னென்ன வாயுக்கள், எவ்வளவு என்று வந்துவிடும்.

இந்த வாளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1995இல் கலிஃபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கத்தில் வாழ்ந்தவர்களின் வழக்குக்காக வடிவமைக்கப்பட்டது அது. விலையுயர்ந்த அரசாங்கக் கருவியின் வேலையை வீட்டுச் சாமானால் செய்வதே நோக்கம். லூசியானா மாநிலத்து நார்கோவில், ஷெல் ஆலையை ஒட்டியிருந்த 'டயமண்ட்' என்ற கறுப்பினக் குடியிருப்பு இந்த வாளியைக் கையில் எடுத்தது. தங்களை வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்ற கோரிக்கையை 2002இல் அவர்கள் வென்றார்கள். அந்தப் போராட்டத்தின் மார்ஜி ரிச்சர்டுக்கு 2004இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அதே வருஷம் வாளி உப்பனாற்றங்கரைக்கு வந்துவிட்டது.

கடலூர் மாதிரிகளில் 22 நச்சு ரசாயனங்கள் இருப்பதாக முடிவு வந்தது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பெரும்பாலானவற்றுக்கு அப்போது இந்தியச் சட்டத்தில் வரம்பு எண் கிடையாது. அமெரிக்க அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் பேசவேண்டியிருந்தது. அபாயக் கழிவுகள் குறித்து உச்சநீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004இல் கடலூருக்கு வந்தது. உள்ளூர் மக்களையும் சேர்த்துப் பகுதிச் சுற்றுச்சூழல் குழு ஒன்று அமைந்தது. பிறகு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நீரி நிறுவனம் 2007இல் செய்த ஆய்வு, சிப்காட் பகுதியில் வாழ்பவர்களுக்கு நச்சு வாயுக்களால் வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்றது. 2009இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது கடலூர் பெற்றது 77.45. எழுபதுக்கு மேல் என்றால் 'மிக மோசமாக மாசடைந்த பகுதி'. 2010 ஜனவரியில் அப்படிப்பட்ட 43 பகுதிகளில் புதிய ஆலைகளுக்கு மத்திய அரசு தற்காலிகத் தடை போட்டது. செயல்திட்டங்கள் காட்டப்பட்டபின் அந்தத் தடை படிப்படியாக நீங்கியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாளியை நான் ஒரு புதிய விக்கிரகமாக்க விரும்பவில்லை. அது ஒரு நிமிஷத்தின், ஒரு இடத்தின் காற்று. வருஷம் முழுவதுக்குமான சித்திரம் அல்ல. பரிசோதனைக்குப் பை கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இருபது வருஷமாக ஊர்க்காரர் மூக்கு சொன்னதை, ஓர் அந்நிய ஆய்வுக்கூடத்தின் காகிதம் சொன்னபிறகுதான் நாடு காதில் வாங்கியது என்பதில் வெற்றியும் அவமானமும் கலந்தே இருக்கின்றன. இருந்தாலும் ஒன்று மாறியது. நாற்றம் வந்ததும் நேரத்தைக் குறித்து, காற்று வரும் திசையைக் குறித்து, எந்த வேலிக்குப் பக்கம் என்று எழுதிவைக்கும் ஊர்க்காரர் இனி 'புகார்தாரர்' அல்ல, சாட்சி. 1690இல் குண்டு விழுந்த பக்கம் நின்றவர்களின் வாரிசுகள், முதல்முறையாக அளவுகோலின் மறுமுனையைப் பிடித்தார்கள்.

6

இப்போது 'பூஜ்ஜியம்'. பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் என்பதுதான் தமிழ்நாட்டுப் பசுமைச் சொல்லாடலின் மணிமகுடம். அது பிறந்த களம் திருப்பூர். சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, விவசாயிகள் வழக்குத் தொடர, 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் பூஜ்ஜிய வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாய ஆலைகள் அனைத்தையும் மூடச் சொன்னது.

தொழில்நுட்பம் நிஜமானது. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் வழியாக அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் படியவைக்கிறார்கள். நீர் மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. உப்பில் ஒரு பகுதியும் திரும்பப் பயன்படுகிறது. ஆற்றுக்குள் குழாய் இல்லை என்பது எந்த விவசாயிக்கும் சின்ன விஷயம் அல்ல. இதை ஏளனம் செய்பவர்கள் நொய்யல் கரையில் கிணறு வைத்திருக்காதவர்கள்.

ஆனால் பூஜ்ஜியம் என்பது எந்த வாசலில் எழுதப்பட்ட பூஜ்ஜியம்? நீர் வெளியேறும் வாசலில். மற்ற வாசல்களில் சகதி இருக்கிறது, பிரிக்க முடியாத கலவை உப்பு இருக்கிறது, ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் இருக்கிறது. வெப்பத்துக்கு விறகோ நிலக்கரியோ மின்சாரமோ வேண்டும். பரங்கிப்பேட்டை உலையின் கரிக் கணக்கு மறுபடி எட்டிப் பார்க்கிறது. செலவு ஏறியபோது சாயத் தொழிலின் பார்வை கடற்கரைப் பக்கம் திரும்பியது. சிதம்பரம் வட்டத்தில் பெரியப்பட்டுப் பகுதியில், கழிவைக் கடலில் விடும் ஏற்பாட்டோடு சாய, பதனிடும் வளாகம் ஒன்றைக் கொண்டுவரும் திட்டம் வந்தது. மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். நொய்யலுக்குக் கிடைத்த நியாயத்தின் விலையை வங்காள விரிகுடாவிடம் கேட்பதா என்பதே அந்த எதிர்ப்பின் சாரம்.

2025 மே மாதம் குடிகாட்டில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாயத் துணி ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, நீர் பாய்ந்து ஊருக்குள் வந்தது. வீடுகள் சேதமாயின, பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். கழிவை ஆற்றில் விடாமல் தேக்கிவைப்பது நல்லதுதான். தேக்கிவைத்த சுவருக்கு வெளியே யார் வீடு இருக்கிறது என்று கேட்காத 'நல்லது' அது. அதற்கு நாலு வருஷம் முன், 2021 மே மாதம், இதே வளாகத்தில் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் நான்கு பேர் செத்தார்கள். மாசும் விபத்தும் வேறு வேறு துறைகளின் கோப்புகளில் இருக்கின்றன. ஊருக்கு அவை ஒரே சுவரின் இரண்டு விரிசல்கள்.

7

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? ஆலைய எல்லாம் மூடணுமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஊர்ப் பிள்ளைகளே அங்கே ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்கிறார்கள். கம்பெனி போனால் சோறு போச்சு, இருந்தால் மூச்சு போச்சு என்கிற இரட்டை நெருக்கடியை நம் கோட்பாட்டுச் சொற்களால் கரைத்துவிட முடியாது. வறுமையைக் காட்டி மூச்சுக்கு விலை பேசுவதும், மூச்சைக் காட்டி வேலையை மறப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

நான் பரிந்துரைப்பது ஒரு எளிய வாசிப்பு முறை. ஒரு தொழில்நுட்பம் பசுமை என்று சொல்லப்படும்போது மூன்று கேள்விகள் கேட்போம். மிச்சம் எங்கே போகிறது? யார் அளக்கிறார்கள்? அளந்ததை யார் மொழியில், யார் கண்ணில் படும்படி எழுதுகிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதிலளிக்கக்கூடிய தொழில்நுட்பங்கள் உண்டு. குளோரினும் காஸ்டிக் சோடாவும் செய்யும் ஆலைகள் முன்பு பாதரச மின்கலங்களைப் பயன்படுத்தின. 2003இல் வந்த மத்திய அரசின் தொழிற்சாலைச் சாசனம் அவற்றைக் கைவிட்டுச் சவ்வு மின்கலத்துக்கு மாறச் சொன்னது. இந்தியாவின் குளோர்-ஆல்கலி ஆலைகள் அப்படியே மாறின. இங்கே பாதரசம் இடம் மாறவில்லை, உற்பத்தியிலிருந்தே போய்விட்டது. 2011இல் உச்சநீதிமன்றம் எண்டோசல்ஃபானைத் தடுத்தபோதும் அதுதான் நடந்தது. செய்யப்படாத நஞ்சுக்குச் சுத்திகரிப்பு நிலையம் தேவையில்லை. குழாயின் கடைசி முனையில் பொருத்தும் வடிகட்டிக்கும், குழாய்க்குள் எது போகலாம் என்று முதலிலேயே முடிவெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தொழில்நுட்ப வித்தியாசம் மட்டுமல்ல, அரசியல் வித்தியாசம்.

இரண்டாவதும் மூன்றாவதும் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. 2014இல் மத்திய வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களில் தொடர்ச்சியாக அளக்கும் கருவிகளைப் புகைபோக்கியிலும் கழிவுக்குழாயிலும் பொருத்தி, அளவுகளை உடனுக்குடன் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. கருவியை வாங்கிப் பொருத்திப் பராமரிப்பது ஆலை. எண்கள் போய்ச்சேர்வது வாரியத்தின் கணினிக்கு. ஈச்சங்காட்டு டீக்கடையில் அந்த எண் தெரிகிறதா? ஊர் முகப்பில் ஒரு பலகை, அதில் தமிழில், இன்றைய காற்றில் இன்னது இவ்வளவு, வரம்பு இவ்வளவு, வரம்பே எழுதப்படாதவை இவையிவை என்று எழுதிவைத்தால், அது இலட்சம் பக்கச் செயல்திட்டத்தைவிடப் பசுமையானது. அதற்குப் பக்கத்தில் ஊரார் எடுத்த வாளி மாதிரியின் எண்ணையும் எழுதவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்திலிருந்து விவாதம் தொடங்கட்டும்.

எழுதுகிறவர்களான நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நச்சுக்களின் பெயர்களைத் தமிழில், உச்சரிக்கும்படி, பயன்படும்படி கொண்டுவருவது ஒன்று. பரங்கிப்பேட்டை ஆய்வேடுகளை உப்பனாற்றுக்குத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது ஒன்று, நம் உடம்பு சம்பந்தப்பட்டது.

ஜன்னல் மூடுகிற அந்த அசைவைப் பற்றி யோசித்துக்கொண்டேதான் இதை எழுதினேன். பச்சையாங்குப்பத்திலிருந்து காரைக்காடு வரைக்கும் பஸ் கடக்க எடுக்கும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். அந்த நேரம் ஜன்னலைத் திறந்துவைத்தால் யாருக்கும் நீதி கிடைத்துவிடாது. எனக்குத் தலை வலிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எந்த வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளலாம். குடிகாட்டில் ஏற்கெனவே அப்படிக் குறித்தவர்கள் இருக்கிறார்கள். என் நோட்டை அவர்களிடம் கொடுக்கலாம். அந்த மீன்காரம்மாவின் வீட்டுக்கு இன்றைக்கும் ஷட்டர் இல்லை. நம்முடையதைத் திறப்பதிலிருந்தாவது தொடங்கலாம்.